ஐஸில் இறங்கிய பட்டாள லாரி

இல்லம்மா, கொக்கிய இப்ப மாட்டாத. கீழ வெய்யி. சொல்றேன்ல, வெய்யி. மொதல்ல நான் சொல்றத நீ கேக்கணும்.

அவசரந்தான். எனக்குத் தெரியாதா? பறந்து வான்னு போன்ல கத்துனதே நான்தான. முன் சக்கரம் ரெண்டும் ஐஸ ஒடச்சுக்கிட்டு ஏரிக்குள்ள எறங்கிருச்சு. பின் சக்கரம் இன்னும் ஐஸு மேல நிக்குது. வெயில் ஏற ஏற அந்த ஐஸும் எளகும். அதும் எறங்குச்சுன்னா சேத்துல புதைஞ்சுரும், எஞ்சினுக்குள்ள தண்ணி போயிரும், ஏழு வருஷ வேலை அத்தோட முடிஞ்சுது. எல்லாம் தெரியும். இருந்தாலும் கேளு. கேட்டுட்டுத்தான் இழுக்கணும்.

ஏன்னு கேக்காத. கேக்கணும், அவ்ளோதான்.

சுருக்கமாத்தான் சொல்லுவேன். நான் பேசுற ஆளு இல்ல. இந்த ஊர்ல யார வேணா கேளு. எல்டன் டெஸ்மரா, தலைய ஆட்டுவான், அதுக்கு மேல அந்தாளு கிட்டருந்து ஒண்ணும் பேராதும்பாங்க. இப்பயே ஒரு வருஷத்துக்கான பேச்சப் பேசிட்டேன்.

ஒன் பேரு என்ன, சட்டையில எழுதியிருக்கே. மார்னி. சரி. பொம்பளப்புள்ள வருவேன்னு நெனைக்கல. தப்பா சொல்லல. எனக்குத்தான் சிக்கல். அது அப்பறம்.

எங்கருந்து ஆரம்பிக்க? ஃப்ரீஸர்லருந்து. ஆமா, ஃப்ரீஸர்தான். மான் கறி போட்டு வைக்கிற பெரிய பொட்டி. அது செத்துப்போச்சு. பட்டாள முகாம்ல பழைய சாமான் ஏலம் விடுறாங்க, சமையக்கூடத்து ஃப்ரீஸரெல்லாம் வருதாம், போயி ஒண்ணு புடிச்சுட்டு வான்னு ஆர்லிஸ் அனுப்புனா. ஆர்லிஸ் என் பொண்டாட்டி. போனேன். ஃப்ரீஸருங்க வரிசையா நின்னுச்சு. அதுக்குப் பக்கத்துல இந்த லாரி நின்னுச்சு.

நான் அதப் பாக்கல. அதுதான் என்னப் பாத்துச்சு. பத்து சக்கரத்துல ஆறு தட்டையாக் கெடக்கு, கண்ணாடி இல்ல, ஒரு முன் வெளக்கு தொங்குது. ஒத்தக் கண்ணால பாக்குது. நீ இழுவ வண்டிக்காரி, ஒனக்குப் புரியும். புரியலயா? சரி விடு.

காதுக்குப் பின்னாடி அரிச்சுது, சொறியத்தான் கையத் தூக்குனேன். நான் ஏலம் கேக்குறேன்னு ஏலக்காரன் எடுத்துக்கிட்டான். இப்பிடித்தான் அவகிட்ட சொன்னேன். உண்மை என்னன்னா, எதிர்ல ஒரு தொப்பிக்காரன் விடாம ஏத்திக்கிட்டே போனான், நானும் விடாம சொறிஞ்சேன். அவன் காது நல்ல காது போல. கடைசியில அவன்தான் விட்டான்.

ஃப்ரீஸரா? அது அடுத்த ஏலம். அதுக்குள்ள கையில ஒண்ணும் மிச்சம் இல்ல.

ஓடுற வண்டி இல்ல அது. வர்ஜில் கொஸாக்னு பக்கத்து வீட்டுக்காரன், மரம் ஏத்துற வண்டி வெச்சிருக்கான், அதுல தூக்கிப் போட்டுக் கொண்டு வந்தோம். ஆர்லிஸ் வாசல்ல வந்து நின்னா. கையில பாத்திரம் தொடைக்கிற துணி. ஃப்ரீஸர் எங்கன்னா. பின்னாடி இருக்குன்னேன். அவ நெசமாவே ஏறிப் பாத்தா. பின்னாடி ஒரு ரக்கூன் குடும்பம் குட்டிங்களோட இருந்துச்சு. அதுங்க அவளப் பாத்துச்சுங்க. அவ அதுங்களப் பாத்தா. எறங்கிட்டா.

கத்தலம்மா. அவ கத்தவே மாட்டா. உள்ள போயி, கெட்டுப்போறதுக்குள்ள ஆகணும்னு, இருந்த மான் கறி அத்தனையையும் சமைச்சுட்டா. காலையில மான், மத்தியானம் மான், ராத்திரி மான். மென்னேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு மான் ரோட்டக் கடந்தா நான் அந்தப் பக்கமே பாக்க மாட்டேன்.

நீ எதுக்கு மணியப் பாக்குற? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேளு.

லாரிய எங்க நிறுத்துறது? கொட்டகையில. கொட்டகையில ஆர்லிஸோட படகு இருந்துச்சு. கோடையில கூட்டாளிங்கள ஏத்திக்கிட்டு ஏரி பூரா சுத்துவா. அத வெளிய தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி வெச்சேன். ஒரு குளிர்காலத்துக்குத்தான்னு சொன்னேன். ஆமா, இன்னும் வெளியதான் இருக்கு. அணில் குடியிருக்குது. அத வெரட்டப் போனா கடிக்க வருது. இப்ப அது அணிலோட படகு.

சரி, வேலை. ஒரு நட்டு விடாம கழட்டி, கழுவி, திருப்பி மாட்டுனேன். கஷ்டம் வேலையில இல்ல. வர்ஜில்தான் கஷ்டம். பட்டாள வண்டி வெச்சிருக்கறவன்ல ரெண்டு ரகம். ஒருத்தன் வண்டி ஓடுதான்னு பாப்பான். இன்னொருத்தன் போல்ட்டு தலையில என்ன குறி போட்டிருக்குன்னு பாப்பான். வர்ஜில் ரெண்டாவது ரகம். அவன்கிட்ட ஒரு ஜீப்பு இருக்கு. கடைசியா எப்ப ஓடுச்சுன்னு அதுக்கே தெரியாது. ஆனா போல்ட்டெல்லாம் சரியான குறி.

பூதக்கண்ணாடிய எடுத்துக்கிட்டு வந்து லாரிக்கடியில படுப்பான். எல்டன், இந்த டேங்க்குத் தாங்கியில இருக்கற போல்ட்டு அந்த வருஷத்துது இல்ல, எனக்கொண்ணும் இல்ல, பட்டாள வண்டிக் கண்காட்சியில சிரிப்பாங்க, அதான் சொல்றேம்பான். எனக்கொண்ணும் இல்லம்பான். எனக்குத்தான் தூக்கம் போயிரும். அந்த ஒரு போல்ட்டுக்காக அயோவா வரைக்கும் போனேன். தனியாப் போகல, ஆர்லிஸையும் கூட்டிக்கிட்டுத்தான் போனேன். அன்னிக்கு அவ பொறந்த நாளு. பொறந்த நாளுக்குப் பொண்டாட்டிய அயோவாவுக்குக் கூட்டிட்டுப் போனவன் எவன் இருக்கான், சொல்லு. அவளும் அதத்தான் கேட்டா. வேற மாதிரி கேட்டா.

போல்ட்டு கெடச்சுது. கண்காட்சியில ஒருத்தனும் குனிஞ்சு பாக்கல.

பெயிண்ட்டு. பச்சை அடிச்சேன். வர்ஜில் வந்து, பளபளக்குது எல்டன், பட்டாளத்துல பளபளக்காதுன்னான். சொரண்டி எடுத்துட்டு மறுபடி அடிச்சேன். இது பட்டாணி சூப்பு கலருன்னான். மறுபடி சொரண்டுனேன். கடைசியில நாலு பலகையில நாலு பச்சை அடிச்சு சமையக்கட்டுல வரிசையா வெச்சேன். எது சரின்னு ஆர்லிஸக் கேட்டேன். எல்லாம் ஒண்ணுதான்னுட்டா. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. சாப்பிட்டேன். பேசல. அதுல ஒரு வித்தியாசமும் தெரியலன்னு அவ சொன்னா.

ஆ, எண்ணெய். இதச் சொல்லியே ஆகணும். இந்த லாரி எதக் குடுத்தாலும் குடிக்கும். டீசல், மண்ணெண்ணெய், என்னத்த ஊத்துனாலும். போர்ல எது கெடைக்குதோ அதுல ஓடணும்னு செஞ்சு வெச்சிருக்கான். நான் சர்ச்சுல கேட்டேன். நோன்புக்குக் கறி கூடாதுன்னு வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கறாங்கல்ல, அந்த எண்ணெய வெளிய கொட்டாதீங்க, எங்கிட்ட குடுங்கன்னேன். ஃபாதருக்கு சந்தோசம். தொட்டி தொட்டியாக் குடுத்தாரு. ஆனா அதுல ரொட்டித் தூளு, மீன் செதிலு, எல்லாம் மெதக்கும். வடிகட்டணும். நல்ல நெருக்கமான துணியா வேணும். முன் ரூம்பு ஜன்னல்ல தொங்குனது நெருக்கமாத்தான் இருந்துச்சு.

ஆர்லிஸோட அம்மா தெச்ச திரைச்சீலையாம். எனக்கு எப்பிடித் தெரியும்? துணி நல்ல துணி. ஒரு செதில் தாண்டல.

லாரி ஓடுச்சும்மா. நல்லாவே ஓடுச்சு. என்ன, போற எடமெல்லாம் மீன் வாசம். ஊர்வலத்துல முன்னாடி நான் போனா, பின்னாடி வர்ற பேண்ட் வாத்தியத்துக்கு முன்னாடி ஊர்ப் பூனை பூரா வரும். வருஷம் பூரா நோன்புக் காலம் மாதிரியே இருக்கு எல்டன்னு ஃபாதர் சொன்னாரு. அத அவர் பாராட்டித்தான் சொன்னாருன்னு நெனைக்கிறேன். போன அக்டோபர்ல ஒரு கரடி வந்து டேங்க்கு மூடிய நக்கிக்கிட்டு இருந்துச்சு. வெரட்டுனது யாரு? ஆர்லிஸு. தொடப்பத்தால. நான் கதவுக்குப் பின்னாடிருந்து வழி சொன்னேன். ஞாபகம் வெச்சுக்க இத.

சிரிக்காத. இன்னும் முடியல.

நல்லதயும் சொல்லணும். நல்லதும் இருக்கு. போன குளிர்ல பெரிய பனி கொட்டுச்சுல்ல, ரோட்டுப் பனிய வாரற வண்டியே பள்ளத்துல விழுந்துருச்சு. அத இழுத்தது இது. ஃபாதர் காரையும் இழுத்துச்சு. ரெண்டு தடவ. அவர் ஓட்டறது அப்பிடி. சர்ச்சு மீனு, ஸ்கூலு மேளம், ஒருத்தன் வீட்டுப் பியானோ, என்னென்னத்தயோ சொமந்துருக்கு. பியானோவ ஏத்துனப்ப முழுசா இருந்துச்சு. எறக்குனப்ப ஏறக்குறைய முழுசா இருந்துச்சு.

அப்பறம்... ஞாயித்துக்கிழமையில நாங்க ரெண்டு பேரும் அதுல போவோம். எங்கயும் இல்ல, சும்மா, ஏரியச் சுத்தி. உள்ள ஹீட்டர் கெடையாது. அவ கம்பளியப் போத்திக்கிட்டு, மடியில ஃப்ளாஸ்க்க வெச்சுக்கிட்டு உக்காந்து வருவா. அந்த எஞ்சின் விசிலடிக்கும், தெரியும்ல, மேடேறும்போது கெட்டில் கொதிக்கற மாதிரி. பேசுனா கேக்காது. நான் வீட்லயும் பேச மாட்டேன், அது அவளுக்குக் கஷ்டம். லாரியில நான் பேசலன்னா அது எஞ்சின் சத்தத்தால. அவளும் பேச மாட்டா. எறக்கத்துல கையப் புடிச்சுக்குவா. பிரேக்கு அவ்ளோ நல்ல பிரேக்கு இல்ல, அதனாலயா இருக்கலாம்.

அதச் சொல்லணும்னு அவ சொல்லல. நானாச் சொல்லிட்டேன். விடு.

இன்னிக்கு காலையில நடந்தது. அதோ கரையில ஒரு செவப்புக் காரு நிக்குதுல்ல, எஞ்சினு, சீட்டு எல்லாம் கழட்டிப் போட்டது. வருஷா வருஷம் தீயணைப்புக்காரங்க ஒரு ஓட்டைக் காரக் கொண்டுபோயி ஏரி நடுவுல ஐஸு மேல வெப்பாங்க. அது எப்ப முழுகும்னு ஊரு பூரா சீட்டு எழுதிப் போடும். கிட்டத்துல சொன்னவனுக்கு அரைப் பன்னி பரிசு. ஒங்க பக்கம் இல்லியா இது? நீ மில்வாக்கி பட்டணத்துக்காரியா. அதான். சங்கிலி கட்டித்தாம்மா வெப்பாங்க, முழுகுனதும் வெளிய இழுத்துருவாங்க.

அந்தக் காரப் பனி ஸ்கூட்டர்ல கட்டி மெதுவா இழுத்துக்கிட்டுப் போவாங்க. அதுதான் வழக்கம். கனம் இல்லாத வண்டியாத்தான் போகணும். இந்த வருஷம் மார்ச்சு பாதி முடிஞ்சு ரொம்ப தாமசமா ஆரம்பிச்சாங்க, பனி ஸ்கூட்டரும் ரிப்பேரு. நான் இருக்கேன்னு சொன்னேன். ஊரே கரையில நிக்கும், லாரி முன்னாடி போகும், எப்பிடி இருக்கும். தீயணைப்புத் தலைவர் தலையச் சொறிஞ்சாரு. ஐஸு தாங்குமா எல்டன்னாரு. நேத்தே தொளைபோட்டுப் பாத்துட்டேன், மேசை மாதிரி இருக்குன்னேன்.

தொளைபோட்டேன். பொய் இல்ல. எங்க போட்டேன்? ஐஸு மேல மீன் புடிக்க நான் வெச்சிருக்கற மரக் கூண்டுக்குள்ள. வெயிலே படாத எடம். அங்க ஐஸு மேசை மாதிரிதான் இருந்துச்சு. கரையோரம், ஓடை வந்து சேர்ற எடத்துல, அங்க போடல.

அங்க போடுன்னு ஆர்லிஸ் சொன்னா. சொன்னா. நீ கேட்டுக்க, அவ சொன்னா. ஓடைத் தண்ணி அடியில ஓடுது, அங்க ஐஸு எப்பயும் மெலிசு, சின்னப் புள்ளைக்குத் தெரியும் எல்டன்னா. பாரம் பத்து சக்கரத்துல பிரியும், ஒனக்கு அந்தக் கணக்குத் தெரியாதுன்னு நான் சொன்னேன். சரி, அவ்ளோ நிச்சயம்னா நானும் ஏறுறேன்னு ஏறி உக்காந்துட்டா.

லாரிய எறக்குனேன். விசிலு, மீன் வாசம், கரையில கூட்டம், பூனைங்க. முன் சக்கரம் ஐஸத் தொட்டுச்சு. கொஞ்சம் போச்சு. பின் சக்கரமும் ஏறுச்சு. நான் ஜன்னல் வழியா வர்ஜிலுக்குக் கையக் காட்டுனேன். படார்னு சத்தம். மூக்கு கீழ போச்சு. அவ்ளோதான்.

முழுக வேண்டிய காரு கரையில நிக்குது. கரையில நிக்க வேண்டியது ஏரியில நிக்குது. கூட்டம் கை தட்டுச்சு. வர்ஜில் என்ன பண்ணான் தெரியுமா? தலைவர் கிட்ட போயி, சீட்டுல காருன்னு எழுதல, வண்டின்னுதான் எழுதியிருக்கு, நான் எழுதுன நேரத்துக்கு இதுதான் கிட்ட இருக்கு, பன்னிய எங்கிட்ட குடுன்னான். அதப் பத்தி அரை மணி நேரம் சண்ட. அப்பறம் எல்லாரும் சர்ச்சுக்கு மீன் சாப்பிடப் போயிட்டாங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமைல்ல.

அவ்ளோதான். ஏறக்குறைய அவ்ளோதான்.

இல்ல, நில்லு. கொக்கிய எடுக்காத. என்னது? இழுக்கும்போது உள்ள ஒருத்தர் உக்காந்து ஸ்டீயரிங்கத் திருப்பணும். தெரியும். கியர்ல கெடக்கு, கைப்பிரேக்கும் போட்டிருக்கு, அத எடுக்கணும். அதும் தெரியும்.

நான் போகக் கூடாது.

ஏன்னா உள்ள ஆள் இருக்கு. ஆர்லிஸு.

ஆமா, இப்ப. காலையிலருந்து. பின்னாடி தார்ப்பாய்க் கூரை மறைக்குது, இங்கருந்து தெரியாது. நல்லாத்தான் இருக்கா. கத்தாத. தண்ணி சீட்டுக்கு ரொம்பக் கீழ. ஃப்ளாஸ்க்கு இருக்கு, கம்பளி இருக்கு, பின்னல் வேலை கொண்டு போயிருக்கா. தீயணைப்புக்காரங்க ஏணி போட்டாங்க. ரொம்ப நன்றின்னு சொல்லிட்டு ஜன்னல ஏத்திட்டா. பிரேக்க இழுத்துப் போட்டதும் அவதான். அவளா எடுக்கற வரைக்கும் ஒன் வண்டி இல்ல, ரயிலக் கட்டி இழுத்தாலும் நேரா வராது.

என்ன பண்ணேனா?

ஐஸு ஒடஞ்சப்ப நான் கதவத் தொறந்து குதிச்சேன். தனியா. வான்னு ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லல. முழுகப் போறோம்னு நெனச்சேன். குதிச்சு, கையக் கால ஒதறி நீச்சல் அடிச்சேன். ரொம்ப நேரம் அடிச்சேன். அவ ஜன்னல எறக்கி எட்டிப் பாத்து, எல்டன், எந்திரிச்சு நில்லுன்னா. நின்னேன். முட்டி வரைக்கும்தான் தண்ணி.

இப்ப நீ சிரிக்கலாம். கரையில எல்லாரும் சிரிச்சாச்சு. இந்தப் பூப்போட்ட பேண்ட்டு யாருதுன்னு நீ வந்ததுலருந்து கேக்கல, நல்ல புள்ள. வர்ஜில் பொண்டாட்டியோடது.

அப்பறம் அவ டிரைவர் சீட்டுக்கு நகந்தா. ஏன் குதிச்சேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும். இந்த லாரிய வெச்சுக்கறதா விக்கறதா, அத இன்னிக்குத் தீத்துருவோம்னா. ஒன்னக் கேட்டா வெச்சுக்கலாம்ப, என்னக் கேட்டா இந்த நிமிசம் வித்துருன்னு சொல்லுவேன், ரெண்டும் நியாயம் இல்ல. கொக்கியோட யாரு வர்றாங்களோ அவங்ககிட்ட போயி ஃப்ரீஸர்லருந்து ஆரம்பிச்சு ஒன் வாயால சொல்லு, நல்லது கெட்டது எதையும் விடாத, அவங்க என்ன சொல்றாங்களோ அதான் முடிவு, அதுவரைக்கும் பிரேக்க எடுக்க மாட்டேன்னா. எவனாவது ஒருத்தன் வருவான், லாரின்னா அவனுக்கும் புடிக்கும், தப்பிச்சுரலாம்னு நான் சரின்னேன். நீ வந்து எறங்குற.

வித்தா வாங்கறது வர்ஜில்தான். ஆள் தயாரா இருக்கான். வாங்குன மறுநாளே மணல் கலர் அடிச்சுருவான்.

அதான்மா. எல்லாம் சொல்லிட்டேன். என்ன நெனைக்கிறன்னு எங்கிட்ட சொல்லாத. மொகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்க, ஒன் மொகத்துல எல்லாம் தெரியுது. ஐஸு மேல போகாத, இந்தப் பக்கமா தண்ணியில எறங்கி நடந்து போ, ஒன் பூட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஜன்னலத் தட்டு. அவளே கேப்பா, குதிச்சதச் சொன்னானான்னு. சொன்னாருன்னு சொல்லு. நீ கேட்டு வாங்கல, நானாச் சொன்னேன், அதயும் சொல்லு.

நான் இங்கயே நிக்கிறேன். வெச்சுக்கலாம்னா அவள ஒரு தடவ ஹார்ன் அடிக்கச் சொல்லு. விக்கணும்னா ரெண்டு... வேணாம். அதுக்கு ஒண்ணும் அடிக்க வேணாம். கொஞ்ச நேரம் சத்தம் வரலன்னா நானே புரிஞ்சுக்குவேன்.